பதின்வயதுப் பிள்ளைக்குத் தனியாக ஆங்கிலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை என்ற கணக்கில், ஆங்கில இலக்கணமும் பாடநூல் இலக்கியமும் சொல்லித்தருகிறேன். சேர்க்க வரும் பெற்றோர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பதும், பிள்ளைகள் பாடத்துக்கு நடுவே கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். பிள்ளையை யாரிடம் அனுப்பினாலும், எதைக் கேட்டுவிட்டு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

இங்கிலீஷுக்குப் போய் எதுக்கு மிஸ் டியூஷன்? மேத்ஸ், பிசிக்ஸுன்னா சரி. இது படிச்சா வர்றதுதானே?

பாஸ் ஆவதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. 35 மதிப்பெண் வாங்கப் பள்ளியில் நடத்துவதே போதும்.

ஆனால் எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்த பிள்ளையைக்கூட, நேற்று நடந்த ஒரு விஷயத்தைச் சொந்தமாகப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். இத்தனை வருடம் அது எழுதியதெல்லாம் போர்டைப் பார்த்து எழுதியது, இல்லையென்றால் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதியது. தானாக யோசித்து ஒரு வாக்கியத்தை எழுதி, அதை ஒருவர் உட்கார்ந்து படித்து, ‘நீ சொல்ல வந்தது இதுதானா?’ என்று கேட்டது அதன் வாழ்க்கையில் அநேகமாக நடந்திருக்காது. தனிப் பாடத்தின் வேலை அதுதான். கல்லூரியில் பெரும்பாலான படிப்புகளில் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் இன்டர்வியூவும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அங்கே யாரும் நோட்ஸ் கொடுக்கமாட்டார்கள்.

பத்து பேர் இருக்கிற டியூஷன்ல விட்டா ஆகாதா? ஃபீஸும் கம்மியாச்சே.

மாதிரித் தேர்வு எழுதவும், பயிற்சிக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கவும் பத்துப் பேர் வகுப்பு நல்ல இடம். பக்கத்தில் ஒருவன் மும்முரமாக எழுதினால் இவனும் எழுதுவான். உங்கள் பிள்ளையின் குறை ‘உட்கார்ந்து படிப்பதில்லை’ என்பது மட்டும்தான் என்றால் அங்கேயே விடுங்கள். தனிப் பாடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

சொந்த வாக்கியத்தைத் திருத்துவது அங்கே நடக்காது. ஒரு பக்கத்தைப் பிள்ளையின் அருகில் இருந்து கேட்டுக் கேட்டுத் திருத்த இருபது நிமிடமாவது பிடிக்கும். பத்துப் பேருக்கு அதைச் செய்ய எந்த ஆசிரியரிடமும் நேரம் இருக்காது. கை இறுக்கமாக இருந்தால், குழு வகுப்போடு வாரம் ஒரு மணி நேரம் மட்டும் தனியாக வைத்துக்கொள்வது நல்ல வழி.

எந்த வகுப்புல ஆரம்பிக்கலாம்?

ஒன்பதாம் வகுப்பு. பொதுத் தேர்வு நெருக்கடி இன்னும் வந்திருக்காது, கதை புரிகிற வயதும் வந்திருக்கும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் வந்து சேர்ந்தால் என்னால் செய்ய முடிவது தேர்வுத் தயாரிப்பு மட்டும்தான். இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுவேன்.

வாரத்துல எத்தனை நாள் வரணும்?

இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம். இந்த வயதில் பிள்ளைகள் பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், மற்ற டியூஷன் எல்லாம் முடித்து இரவு ஏழரைக்கு வந்து உட்காருகிறார்கள். இரண்டாவது மணி நேரத்தில் கண் மட்டும்தான் திறந்திருக்கும்.

வராத நாட்களில் இருபது நிமிடம் கேட்பேன்: ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். இந்த இருபது நிமிடம் நடக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் நடக்காத வீட்டுப் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அரையாண்டுக்குள் நன்றாகவே தெரியும்.

முதல் நாள் என்ன பண்ணுவீங்க? டெஸ்ட் வைப்பீங்களா? அவன் பயப்படறான்.

மதிப்பெண் போடுகிற டெஸ்ட் கிடையாது. மூன்று காரியம் செய்வேன். தெரியாத ஒரு கதையிலிருந்து அரைப் பக்கம் வாசிக்கச் சொல்வேன். எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறான் என்று கேட்டாலே வாக்கியம் புரிந்து வாசிக்கிறானா, சொல் சொல்லாகத் தாண்டுகிறானா என்று தெரிந்துவிடும். அடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை நடந்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். கடைசியாக, அவன் எழுதியதில் ஒரு வரியைக் காட்டி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்பேன்.

அந்த ஒரு பக்கத்தைத் தேதி போட்டு ஃபைலில் வைத்துவிடுவேன். திருத்த மாட்டேன். பிறகு வரப்போகும் ‘மார்க் ஏறலையே’ கேள்விக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

ரூல் எல்லாம் கடகடன்னு சொல்றான். ஆனா எழுதினா தப்பு வருது. அது எப்படி?

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எழுதும்போது பிள்ளை தமிழில் யோசிக்கிறது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்தத் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு மட்டும் ஆங்கிலச் சொற்களுக்குள் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘ரவி நாளைக்கு வர்றேன்னு சொன்னான்’ என்கிறோம். ரவி சொன்ன ‘வர்றேன்’ அப்படியே இருக்கும், பின்னால் ஒரு ‘ன்னு’ போட்டால் வேலை முடிந்தது. பிள்ளை எழுதுவது: ‘ரவி டோல்ட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ.’ படிப்பவருக்கு வரப்போவது ரவியா, இதை எழுதியவனா என்று குழப்பம். ஆங்கிலத்தில் அந்த ‘ஐ’ ‘ஹி’ ஆக வேண்டும், ‘ஆம் கமிங்’ ‘வாஸ் கமிங்’ ஆக வேண்டும். ‘டோல்ட்’ என்று எழுதினால் யாரிடம் என்பதும் வர வேண்டும். இல்லையென்றால் ‘செட்’ (said) போட வேண்டும்.

இதே பிள்ளை ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்லும் வாக்கியப் பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கும். அங்கே மேற்கோள் குறிக்குள் வாக்கியம் தயாராக இருக்கிறது, மாற்றினால் போதும். சொந்தமாக எழுதும்போது மேற்கோள் குறி எங்கும் இல்லை. தான் இப்போது எழுதுவது ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்பதே அதற்குத் தெரிவதில்லை. அதனால் பிள்ளையின் வாக்கியத்தை எடுத்து, அதைத் தமிழில் சொல்லவைத்து, ‘இதில் எது ரவியின் வாயிலிருந்து வந்தது, எது உன்னுடையது?’ என்று பென்சிலால் கோடு போடச் சொல்வேன். அதன் பிறகுதான் ரூலைத் திறப்பேன். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘வி டிஸ்கஸ்டு அபவுட் இட்’, ‘டுடே மார்னிங்’ போன்ற, தமிழ் வழியாக வரும் தவறுகளையும் இப்படித்தான், அவை வரும் இடத்திலேயே பிடிப்பேன்.

தவறாக எழுதுவதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எழுதாமலே தப்பிப்பது. ‘நேத்து வந்த மாமா பணம் குடுத்தார்’ என்பதில் ‘வந்த’ என்பது மாமாவுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹூ கேம்’ என்று பின்னால் போக வேண்டும். அந்த இடம் வந்தாலே பிள்ளைகள் இரண்டு குட்டி வாக்கியமாக உடைத்துவிடுவார்கள். இரண்டுமே சரியாகத்தான் இருக்கும், பள்ளியில் யாரும் வட்டம் போட மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்காம் வகுப்பு நடையிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்தால்தான் இது கண்ணில் படும்.

‘எ’, ‘தி’ எங்க போடணும்னே வரமாட்டேங்குது. அத மொதல்ல சரி பண்ணுங்க மிஸ்.

அது கடைசியில்தான் சரியாகும். தமிழில் ‘தி’ செய்யும் வேலைக்குத் தனிச் சொல் கிடையாது. அதனால் அது இல்லாதது நம் காதுக்குக் குறையாகவே தோன்றாது. விதி எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் நிற்கும். நிறைய வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு வருடத்தில் தானாகப் படிகிறது. முதலில் வினைச்சொல், வாக்கிய அமைப்பு. ஆர்ட்டிகிள் கூடவே நடந்து வரட்டும்.

ரென் அண்ட் மார்ட்டின் முழுசா முடிச்சுட்டா போதும்னு எங்க அப்பா சொல்றார்.

தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் பகுதிகள் அந்த இலக்கணப் புத்தகத்தில் இன்றைக்கும் அருமை, நானும் எடுத்துக் கொடுக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். காரணம் மேலே சொன்னதுதான்: பயிற்சியில் சரியாகப் போடுவது எழுத்தில் வருவதில்லை. பிள்ளையின் நோட்டில் எந்தத் தவறு வருகிறதோ அந்த அத்தியாயத்தைத் திறந்து, பத்து வாக்கியம் போட்டு, மூடிவிட்டு, மறுபடி சொந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

கைடுல இருக்கிறத மனப்பாடம் பண்ணினா மார்க் வருதே. எதுக்கு வரி வரியா பாடம் படிக்கணும்?

மார்க் வருகிறது என்பது உண்மை, மறுக்கவில்லை. ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்பில் முதல் உரைநடை லியாம் ஓ ஃபிளாஹெர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிளைட்’. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. பாடம் படிக்காமல் கைடு மட்டும் படித்த பிள்ளையிடம், ‘குஞ்சு எப்படிப் பறந்தது?’ என்று கேட்டால், ‘தைரியத்தால், தன்னம்பிக்கையால்’ என்று சொல்லும். கதையில் நடப்பது வேறு. அம்மா அலகில் மீனோடு அருகில் வந்து, கொடுக்காமல் காற்றில் நிற்கிறது. பசி தாங்காமல் குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, பாய்ந்ததில் விளிம்பிலிருந்து விழுகிறது, விழும்போது சிறகு விரிகிறது. தைரியம் வந்து பறக்கவில்லை. பறந்த பிறகுதான் பயம் போகிறது.

இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்குப் பேராகிராஃப் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் பயமில்லை. அந்தக் கதையின் தொடக்கத்திலேயே, சகோதரர்களும் தங்கையும் முந்தின நாளே பறந்துபோய்விட்டதைச் சொல்லும் வாக்கியம் ‘ஹாட்’ (had) போட்டு வருகிறது. பாஸ்ட் பர்ஃபெக்ட் என்ற பெயரை ஏழாம் வகுப்பிலிருந்து கேட்டுவருகிற பிள்ளைக்கு, அது எதற்கு இருக்கிறது என்று அந்த இடத்தில்தான் விளங்குகிறது. இலக்கணத்துக்கு ஒரு நாள், இலக்கியத்துக்கு ஒரு நாள் என்று நான் பிரித்து வைப்பதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்த வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

மிஸ், கவிதை புரியவே இல்ல. எட்டு வரில அப்படி என்ன இருக்குன்னு இவ்ளோ எழுதச் சொல்றாங்க?

இதைக் கேட்பவர்கள் பிள்ளைகள். நல்ல கேள்வி. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’ இருக்கிறது. சரியாக எட்டு வரி, எட்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். ‘கருத்து என்ன’ என்று ஆரம்பிக்காமல், ‘இந்த வாக்கியத்தின் முக்கிய வெர்ப் எது?’ என்று ஆரம்பிப்பேன். எல்லாப் பிள்ளையும் இரண்டாவது வரியிலுள்ள ‘ஷுக்’கைக் காட்டும். காகம் மரத்திலிருந்து பனியை உதறியது, சரி. ஆனால் அங்கே வாக்கியம் முடியவில்லையே? சப்ஜெக்ட் காகம் இல்லை, காகம் உதறிய விதம். அந்த விதம் என்ன செய்தது? ஐந்தாவது வரியில் ‘ஹாஸ் கிவன்’ வருகிறது. நான்கு வரி நம்மைக் காக்க வைத்திருக்கிறார் கவிஞர்.

அடுத்து டென்ஸ். காகம் உதறியது நடந்து முடிந்தது, அது ‘ஷுக்’. மனது மாறியது இப்போதும் மாறியே இருக்கிறது, அது ‘ஹாஸ் கிவன்’. அந்த நாளே வீணாய்ப் போயிற்று என்று நொந்துகொண்டது காகத்துக்கும் முன்னால், அது ‘ஹாட் ரூட்’ (had rued). மூன்றையும் காலக்கோட்டில் வைக்கச் சொல்வேன். வைத்து முடித்ததும், ‘அப்போ கவிதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவர் நொந்து போயிருக்கார், அத கடைசி வரிலதான் சொல்றார்’ என்று பிள்ளையே சொல்லும். தேர்வில் எழுத வேண்டிய கருத்து அதுதான். இலக்கணம் வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு காகத்தைப் பற்றிப் பேசலாம். ஆங்கிலக் கவிதைகளில் காகத்துக்கு அபசகுனப் பெயர் உண்டு. நம் வீட்டில் அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற பறவை, கத்தினால் விருந்தாளி வருவார் என்று சொல்கிற பறவை. இரண்டையும் பிள்ளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இன்னொன்று: கவிதையில் காகம் உட்கார்ந்திருக்கும் ஹெம்லாக் மரத்தைப் பல நோட்ஸ்களில் விஷச்செடி என்று எழுதியிருப்பார்கள். சாக்ரடீஸுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும், வெள்ளைப் பூப் பூக்கிற விஷச்செடி வேறு. ஃப்ராஸ்ட் வாழ்ந்த அமெரிக்க வடகிழக்கில் பனியைத் தாங்கி நிற்கும் ஊசியிலை மரம் வேறு. கிளையில் காகம் உட்காரவும் கீழே ஆள் நடக்கவும் மரம்தானே வேண்டும்? தேர்வுத் தாளில் வகுப்பில் சொன்னதை எழுதிவிட்டு வா, தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள் என்று சொல்வேன்.

பொயட்டிக் டிவைஸ் பேரு மட்டும் படிச்சா போதுமா?

கவிதை வரியைக் கொடுத்து அணி, எதுகைச் சொல் கேட்கும் கேள்விகளுக்குப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். அது ஒரு வார வேலை. பெரிய விடையில் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினால் ஆழம் இருக்காது. அந்த அணி அந்த வரியில் என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம் சேர வேண்டும். எப்படி என்பதற்கு முந்தைய பதிலில் டென்ஸை வைத்துச் செய்ததையே பாருங்கள்.

தமிழ்ல சொல்லித் தருவீங்களா, இங்கிலீஷ்லயே பேசுவீங்களா? இங்கிலீஷ்ல பேசினாதானே வரும்?

இரண்டும். இலக்கணத்தில் சிக்கல் வந்தால் தமிழில்தான் அவிழ்ப்பேன். மேலே ரவி வாக்கியத்தில் பார்த்த மாதிரி, தவறு தமிழ் வழியாக வரும்போது அதைத் தமிழைத் தொடாமல் விளக்க முடியாது. கதை பேசும்போது ஆங்கிலம். பிள்ளை நடுவில் சொல் கிடைக்காமல் தமிழுக்குத் தாவினால் தடுக்க மாட்டேன். முடித்த பிறகு, அந்த வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சேர்ந்து கட்டுவோம். தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைகள் ஆங்கிலத்திலும் சீக்கிரம் எழுதுகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பாடத்தை அலட்சியம் செய்ய விடாதீர்கள்.

ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் எடுப்பீங்களா?

எழுதப் பழக்குவது ஒன்றுதான், தேர்வுத் தயாரிப்பு வேறு. ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்பில் முன்பு இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். மெமரி போயம், ரோடு மேப், தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவது எல்லாம் அதற்குள் வருகின்றன. பன்னிரண்டில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. அந்த 80இல் பாதி இலக்கியத்துக்கு, மீதி வாசிப்புக்கும் இலக்கணம்–எழுத்துக்கும்.

ஸ்டேட் போர்டுப் பிள்ளைக்குப் பாடநூலுக்கு வெளியே வாசிக்கும் பழக்கம் தேவைப்படுகிறது. சி.பி.எஸ்.இ. பிள்ளை கண்ணில் படாத பத்தியைப் பார்த்துப் பயப்படாது, ஆனால் விடையை இரண்டு வரியில் சுருக்கத் திணறும். எனவே கொடுக்கும் பயிற்சி மாறும்.

வீட்ல என்ன புக் வாங்கிக் குடுக்கறது?

இந்திய ஊர்களில் நடக்கிற சிறுகதைகள். ரயில் நிலையம், மாமா வீடு, பரீட்சை என்று தெரிந்த உலகமாக இருந்தால் மொழியை மட்டும் கவனித்தால் போதும். எந்தப் பக்கத்தையாவது திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் அடுத்த வருடத்துக்கு. ஊரில் கிளை நூலகம் இருந்தால் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

போன மிஸ் நோட்டு ஃபுல்லா சிவப்பு வட்டம் போட்டாங்க. நீங்க ரெண்டே தப்புதான் காட்டியிருக்கீங்க. மத்தது?

மற்றதும் தெரியும், வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் முப்பது சிவப்பு வட்டம் பார்க்கிற பிள்ளை, முப்பதையும் படிக்காது. ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்ற ஒன்றை மட்டும் படித்துக்கொள்ளும். பதினான்கு வயதில் அது உள்ளே போய்விட்டால் வெளியே எடுப்பது கஷ்டம். எனவே இந்த மாதம் எதைப் பிடிக்கிறோம் என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்வேன். இறந்தகால வினைச்சொல் என்றால் அதை மட்டும் பார்ப்போம், வட்டம் போடுவதும் பிள்ளைதான். ‘இந்தப் பக்கத்தில் மூன்று இடம் இருக்கிறது, கண்டுபிடி’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

அவ வாயே தொறக்க மாட்டா மிஸ். எதக் கேட்டாலும் ‘தெரியல’தான்.

நீங்கள் பக்கத்து அறையிலிருந்து ‘சொல்லு, சொல்லு’ என்று குரல் கொடுக்காமல் இருந்தால் பாதி சரியாகிவிடும். பேசாத பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக எழுதுவார்கள். அவர்களிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் கதையின் ஒரு பாத்திரத்துக்குக் கடிதம் எழுதச் சொல்வேன். பதில் கடிதத்தை நான் எழுதுவேன். நாலைந்து கடிதத்துக்குப் பிறகு, ‘நீங்க எழுதினது தப்பு மிஸ், அம்மா பறவை அப்படிப் பண்ணல’ என்று வாய் திறக்கும்.

போன்ல ஏ.ஐ. கிட்ட கேட்டா நிமிஷத்துல கட்டுரை எழுதித் தருதே. இன்னும் எதுக்கு இதெல்லாம்?

தருகிறது, தப்பில்லாமலும் தருகிறது. அதைப் பார்த்து எழுதினால், கைடைப் பார்த்து எழுதிய இடத்திலேயே மறுபடி வந்து நிற்போம். பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்வதில்லை, வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். முதலில் பிள்ளை சொந்தமாக எழுதட்டும். பிறகு ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுத்து, வேறு எப்படி எழுதலாம் என்று கேட்கட்டும். வரும் பதில்களில் தான் சொல்ல வந்ததற்கு எது நெருக்கம் என்று தானே தேர்ந்தெடுத்து, ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டும். ‘ஏன்’ சொல்ல முடிந்தால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைன்ல எடுத்தா அலைச்சல் மிச்சமாகுமே?

இலக்கியப் பாடம் ஆன்லைனில் நன்றாகவே போகும். எழுதுவதைப் பார்ப்பதுதான் கஷ்டம். எதை எழுதிவிட்டு அடித்தான், எங்கே பேனா நின்றது என்பதெல்லாம் நேரில்தான் தெரியும். வாரம் இரண்டு வகுப்பில் ஒன்றையாவது நேரில் வையுங்கள்.

பொம்பளப் புள்ளைய தனியா அனுப்ப யோசனையா இருக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க.

தப்பாக நினைக்க ஒன்றுமே இல்லை. ஆண் பிள்ளையாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். வகுப்பு ஹாலில், கதவு திறந்திருக்க, வீட்டில் வேறொரு பெரியவர் இருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். ஆசிரியர் பிள்ளையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. பெற்றோரும் இருக்கும் குரூப்பில்தான் எல்லாம் போக வேண்டும். நீங்கள் சொல்லாமல் நடுவில் வந்து நின்றாலும் ஆசிரியருக்கு அது சங்கடமாக இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே விடாதீர்கள். பிள்ளை ‘அங்க போகல’ என்று காரணம் சொல்லாமல் அடம்பிடித்தால், படிப்புச் சோம்பல் என்று முடிவு கட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஸ்கூல்ல அவளுக்கு எடுக்கிற மிஸ்ஸே தனியா சொல்லித் தர்றேங்கிறாங்க. அங்கயே விட்டா மார்க்கும் போடுவாங்கல்ல?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், மதிப்பெண் போடுகிறவரிடமே பணம் கொடுத்துப் படிக்கும்போது பிள்ளைக்குத் தன் மதிப்பெண் உண்மையா என்றே தெரியாமல் போகும். பொதுத் தேர்வுத் தாளைத் திருத்துபவர் வேறொருவர். அந்த மிஸ் நல்ல ஆசிரியராக இருந்தால், பள்ளி நேரத்திலேயே அவரிடம் சந்தேகம் கேட்கப் பிள்ளையை ஊக்கப்படுத்துங்கள்.

மூணு மாசமாச்சு. மார்க் ஏறல. நிறுத்திடலாமா?

நிறுத்துவதற்கு முன் அந்த முதல் நாள் தாளைக் கேளுங்கள். நேற்று எழுதிய பக்கத்தையும் கேளுங்கள். இரண்டையும் மேசையில் வைத்துப் பாருங்கள், ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் தெரியும்: வாக்கியங்கள் நீண்டிருக்கின்றனவா, அடித்துத் திருத்திய இடங்கள் கூடியிருக்கின்றனவா? அடித்துத் திருத்துவது கூடினால் நல்லது, பிள்ளை தன் தவறைத் தானே பார்க்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் மனப்பாடத்தை விட்டுச் சொந்தமாக எழுத ஆரம்பிக்கும் பருவத்தில் மதிப்பெண் இரண்டு மூன்று குறையவும் செய்யும். காலாண்டில் அப்படி நடந்தால் பயப்பட வேண்டாம். பொதுத் தேர்வு நெருக்கத்தில் நடக்கக் கூடாது. ஒன்பதிலேயே ஆரம்பியுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தாலோ, ஆசிரியரிடம் பழைய தாளே இல்லையென்றாலோ, தயங்காமல் நிறுத்துங்கள்.

ஃபீஸ் விஷயம் எப்படிப் பேசறது? கேக்கவே கூச்சமா இருக்கு.

கூச்சப்படாமல் முதல் நாளே பேசிவிடுங்கள். மாதத்துக்கு எத்தனை வகுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஈடு உண்டா, ஆசிரியர் வராவிட்டால் என்ன, மே மாதத்துக்குக் கட்டணம் உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். வருடம் முழுதுக்கும் மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதா மாதம் கொடுத்தால், சரிவராதபோது யாருக்கும் மனக்கசப்பில்லாமல் விலகலாம்.

எப்ப வரைக்கும் அனுப்பணும்? காலேஜ் வரைக்குமா?

வேண்டாம். தான் எழுதிய பக்கத்தைப் பிள்ளை என்னிடம் நீட்டும் முன்பே ஒருமுறை படித்து, தவறு வரும் இடத்தைத் தானே அடித்துக்கொண்டு வர ஆரம்பித்தால் வார வகுப்பை நிறுத்திவிடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வருடத்துக்குள் அது வந்துவிடும். அதன் பிறகு மாதம் ஒரு முறை, எழுதியதையும் வாசித்ததையும் எடுத்துக்கொண்டு வந்து பேசினால் போதும், அதற்கு மாதக் கட்டணமும் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் இப்படி மாற்றிக்கொள்வது வசதி. பதினொன்றில் புதுப் பாடங்கள் அழுத்தும் நேரத்தில் பிள்ளைக்கு இரண்டு மாலை மிச்சமாகும்.